ஆணித் துளைச் சூரியன்கள்

இக்கிக்கே

இக்கிக்கே துறைமுகத்தில் காலை பத்து மணி வரைக்கும் சூரியனை எதிர்பார்க்க வேண்டாம். கமன்சாகா என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்கிற மூடுபனி பசிபிக் கடலிலிருந்து ஏறி வந்து ஊர்மேல் உட்கார்ந்துகொள்ளும். மழையாக மட்டும் இறங்காது. வருடம் முழுக்கப் பெய்வதைக் கூட்டினாலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தேறினால் பெரிது. வட சிலியின் அட்டகாமா பாலைவனம் கடற்கரையிலேயே தொடங்கிவிடுகிறது. ஊரை ஒட்டியே ஒரு பெரிய மணற்குன்று நீளமாகப் படுத்திருக்கிறது. அதற்கும் பின்னால் ஐந்நூறு, அறுநூறு மீட்டர் உயரத்துக்கு மலைச்சுவர்.

பனிவெளிச்சம் மர வீடுகளுக்கு நல்லது. நிழல் விழாததால் பக்கெதானோ தெருவின் தூண்களும் பால்கனிகளும் ஒன்றை ஒன்று மறைக்காமல் தெரிகின்றன. அத்தனையும் ஓரிகன் பைன். ஒரு மரம்கூடத் தானாக வளராத ஊரில் தெரு முழுக்க மர மாளிகைகள் வந்ததற்குக் காரணம் வெடியுப்பு. அதை ஏற்றிப்போக வந்த கப்பல்கள் வட அமெரிக்காவிலிருந்து மரத்தைக் கொண்டுவந்து இறக்கின. பள்ளியில் வேதியியல் படித்தவர்களுக்கு 'சிலி சால்ட்பீட்டர்' என்ற பெயர் நினைவிருக்கலாம். சோடியம் நைட்ரேட். பரீட்சையில் ஒரு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்துபோன அந்த உப்புக்காக 1879 முதல் 1884 வரை ஒரு போர் நடந்திருக்கிறது. அதற்கு முன் இக்கிக்கே பெரு நாட்டின் ஊர். போரில் வென்ற சிலி அரசுக்குப் பல வருடங்கள் வருமானத்தில் பாதியளவு வெடியுப்பு ஏற்றுமதி வரியிலிருந்தே வந்தது. ஆலைகளின் லாபத்தில் பெரும்பங்கு லண்டனுக்குப் போனது.

பாலைவனத்தில் வெட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டுத்தான் 1907 டிசம்பரில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் குடும்பத்தோடு மேட்டிலிருந்து இறங்கி இந்த ஊருக்கு வந்தார்கள். சாந்தா மரியா பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். டிசம்பர் 21 அன்று ஜெனரல் சில்வா ரெனார்டின் உத்தரவில் ராணுவம் அவர்களைச் சுட்டது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றும் உடன்பாடு இல்லை. நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரங்கள் வரை சொல்கிறார்கள். அந்தப் பழைய பள்ளிக் கட்டடம் இப்போது கிடையாது. லூயிஸ் அத்விஸ் இதைப் பற்றி இசையமைத்த 'சாந்தா மரியா தெ இக்கிக்கே' கான்டாட்டாவைத் தெரியாதவர் சிலியில் குறைவு.

சந்தைக்குள் ஒரு சிறிய கடையில் பொரித்த மீன், பிக்கா என்ற பாலைவனச் சோலையில் விளைகிற சின்ன எலுமிச்சை, கூடவே ரொட்டி. மீனைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காபி கேட்டால் மட்டும் ஒரு கோப்பை வெந்நீரையும் நெஸ்கஃபே டப்பாவையும் கரண்டியையும் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கும்பகோணத்துக்காரன் யாரும் இந்த ஊரில் இரண்டு வாரம் தாங்கமாட்டான்.

ஹம்பர்ஸ்டோன்

மலைச்சுவரில் வளைந்து ஏறி மேட்டு ஊரைத் தாண்டியதும் பனி அறுந்துவிடுகிறது. அதன் பிறகு மேலே நீலம், கீழே பழுப்பு, வேறு நிறமே இல்லை. கடற்கரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் ஹம்பர்ஸ்டோன். 1872இல் லா பால்மா என்ற பெயரில் தொடங்கிய ஆலை. 1934இல்தான் ஜேம்ஸ் ஹம்பர்ஸ்டோன் என்ற ஆங்கிலேய வேதியியலாளரின் பெயரைச் சூட்டினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்த ஊர் 1960இல் மூடப்பட்டது. மிஞ்சியதைப் பழைய இரும்புக்காரர்களும் மரம் திருடுகிறவர்களும் பல வருடங்கள் பிரித்து எடுத்தார்கள். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. அதே ஆண்டே அபாயப் பட்டியலிலும் சேர்த்தது. 2019இல்தான் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது.

இங்கே படமெடுக்க வருகிறவர்கள் வாசலில் கேட்கும் முதல் கேள்வி, "கூட்டம் இல்லாத நேரம் எது?" என்பதுதான். ஆளில்லாத ஊரின் படத்தில் ஆள் இருக்கக்கூடாது என்பது எழுதாத சட்டம்.

தொழிலாளர் குடியிருப்பு ஒன்றின் சமையலறையில் மட்டும் ஒரு காலைப் பொழுதைக் கழித்தேன். சுவரில் பச்சை, அதன் கீழே ரோஜா, அதற்கும் கீழே சுண்ணாம்பு வெள்ளை. மூன்று குடும்பமாவது மாறியிருக்க வேண்டும். அடுப்பு இருந்த மூலையில் கரி இன்னும் விரலில் ஒட்டுகிறது. அலமாரி அடித்த நாலு ஆணிகள், அவற்றில் ஒன்றில் துணிக்கொடியின் அரையடிக் கயிறு. கூரைத் தகரத்தைப் பாதி பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தத் திறப்பு வழியாக வெயில் பச்சைச் சுவரில் சாய்சதுரமாக விழுகிறது. வெயில் பட்ட இடத்துக்கும் கரி மூலைக்கும் இடையே வெளிச்ச வித்தியாசம் எந்தக் கேமராவும் ஒரே படத்தில் பிடிக்க முடியாத அளவு. ஃபிளாஷ் போட்டால் மூலை தெரியும், ஆனால் கரியின் சொரசொரப்பு செத்துவிடும். காற்றில் மிதக்கிற புழுதி வெள்ளைப் புள்ளிகளாகப் படம் முழுக்க நிற்கும். செய்யக்கூடியது காத்திருப்பதுதான். சாய்சதுரம் நகர்ந்து தரைக்கு இறங்கியதும் தரைப்புழுதியே வெளிச்சத்தை மேலே எறிகிறது. கரி மூலை தானாகத் திறந்துகொள்கிறது. ட்ரைபாட், நாலு விநாடி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு சொடுக்கு. லென்ஸை மட்டும் இந்த ஊருக்குள் மாற்றக்கூடாது. இங்கத்திப் புழுதி மாவைவிட மெல்லிசு.

வரிசை வரிசையாக, முதுகோடு முதுகு ஒட்டிய அந்த வீடுகளைப் பார்த்தபோது இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் லயங்கள் கண்ணில் வந்து நின்றன. அங்கே போலவே இங்கேயும் மேலாளர் வீடு தனியாக, வராந்தாவோடு, காற்று வரும் திசையில்.

புல்பெரியா என்கிற கம்பெனிக் கடை சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கிறது. ஆலைகள் நெடுங்காலம் கூலியைக் காசாகக் கொடுக்கவில்லை. ஃபிச்சா என்ற வில்லையாகக் கொடுத்தன. பித்தளை, எபோனைட், ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு நிறம், ஒரு வடிவம். அந்த ஆலையின் கடையில்தான் செல்லும். வெளியே மாற்றினால் வட்டம் பிடிப்பார்கள். 1907இல் கீழே இறங்கி வந்தவர்களின் கோரிக்கைகளில் ஒன்று, வில்லைகளை முழு மதிப்புக்கு மாற்ற வேண்டும் என்பது. இன்னொன்று, ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு தராசும் ஓர் அளவுகோலும் வைக்க வேண்டும், வாங்கியதை நாங்களே நிறுத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்பது. இப்போது கடைக்குள் கண்ணாடிப் பெட்டிகளில் வில்லைகள் இருக்கின்றன. சதுக்கத்தைத் தாண்டி, இரும்புத் தகடுகளை ரிவெட் அடித்துச் செய்த நீச்சல் குளம். தண்ணீரை விலைக்கு வாங்கிய பாலைவனத்தில் கம்பெனி கட்டித் தந்த விளையாட்டுச் சாமான்.

நாடகக் கொட்டகைக்குள் நான் பதினைந்து விநாடி எக்ஸ்போஷர் வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டியும் பேத்தியும் உள்ளே வந்து, சரியாக என் சட்டகத்துக்கு நடுவே, நாலாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். பாட்டிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். ஊர் மூடியபோது அவருக்குப் பதினோரு வயது. பம்பா என்கிற இந்தப் பாலைவனத்துக்காரர்கள் தங்களைப் பம்பினோ என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஊர் போய் அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. பழைய பம்பினோக்கள் சேர்ந்து அமைத்த ஒரு சங்கம்தான் ஹம்பர்ஸ்டோனைப் பராமரிக்கிறது. நவம்பரில் வெடியுப்பு வாரம் என்று திருவிழாவே நடத்துகிறார்கள்.

"அப்பா அந்த ஓரத்து நாற்காலிதான் கேட்பார், படம் பிடிக்கலைன்னா எழுந்து போக வசதி" என்றார் பாட்டி. பேத்தி ஆங்கிலத்தில் சொன்னாள். வெள்ளிக்கிழமை படத்தைப் பற்றியும், வெளியே காத்திருந்த வேர்க்கடலைக்காரரைப் பற்றியும், ஆலையின் சங்கு ஊதினால் அம்மா உலையை இறக்குவதைப் பற்றியும் சொல்லிக்கொண்டே போனார். பிறகு பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்துத் தேநீர் ஊற்றினார். சிலிக்காரர்கள் தென் அமெரிக்காவில் தனி ரகம். மாலையானால் ரொட்டியும் தேநீரும் இல்லாமல் ஆகாது. பேத்தியின் கையில் இருந்த டப்பாவில் 'சிலோன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைப் பறித்தவர்கள் யார், எந்த ஊர்க்காரர்கள், எப்படிப்பட்ட வரிசை வீடுகளில் இருக்கிறார்கள் என்று சொன்னேன். பாட்டி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவங்களுக்கும் கம்பெனிக் கடையா?" என்று கேட்டார். கடன் துண்டும் இருந்தது என்றேன். தலையசைத்துக்கொண்டார்.

காலியான கொட்டகையை நான் பிறகு எடுக்கவில்லை. ஓரத்து நாற்காலியில் பாட்டி உட்கார்ந்திருக்கிற படம்தான் இருக்கிறது. பதினைந்து விநாடியில் அவர் தலை கொஞ்சம் கலங்கியிருக்கிறது, நாற்காலி கல்லாக நிற்கிறது.

சாந்தா லாரா

ஹம்பர்ஸ்டோனிலிருந்து பார்த்தாலே தெரிகிற புகைபோக்கி சாந்தா லாராவினுடையது. ஊர் இருந்த தடம் பெரும்பாலும் போய்விட்டது, ஆலைதான் மிச்சம். கலிச்சே என்கிற உப்புப் பாறையை வெடிவைத்துப் பெயர்த்து, நொறுக்கி, நீராவிக் குழாய்கள் ஓடும் பெரிய இரும்புத் தொட்டிகளில் கொதிக்கவைத்து, தெளிந்த நீரை ஆறவிட்டுப் படிகம் எடுத்தார்கள். அந்த உயரமான மரச்சட்டக் கட்டடம் அப்படியே நிற்கிறது. தொட்டிகளின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால், 1907இன் இன்னொரு கோரிக்கை புரிந்துவிடும்: கொதிக்கும் தொட்டிகளின் மேல் இரும்புக் கம்பிவலை போட வேண்டும். அதற்கு முன் உள்ளே விழுந்தவர்கள் இருந்தார்கள்.

இயந்திரக் கூடத்துக்குள் நுழைந்தது உச்சி வெயிலில். படமெடுக்கிறவர்கள் ஒதுக்குகிற வேளை அது. நெளி தகரக் கூரையில் ஆணி கழன்ற துளைகள் நூற்றுக்கணக்கில். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு கற்றை இறங்கி, கீழே எண்ணெய் ஊறிய தரையில் ஒரு வெள்ளை வட்டம். துளைகள் எல்லாம் கிழிசலும் கோணலும். சதுரம், கீறல், நட்சத்திரம். தரையில் விழுவது மட்டும் அத்தனையும் வட்டம். துளைக்கேமராவின் விதி அது: தரையில் இருப்பது துளையின் வடிவமல்ல, சூரியனின் பிம்பம். கூரை பத்து மீட்டர் உயரம் என்றால் சூரியன் ஒன்பது சென்டிமீட்டர் அகலத்தில் விழும். நவம்பர்ப் பக்கம் இங்கே நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில் இருப்பதால் வட்டங்கள் நீளாமல் முழுசாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்தில் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும். பல்சக்கரத்தின் மேல் நின்ற சூரியன், நான் கேமராவைச் சாய்த்து முடிப்பதற்குள் தரைக்கு வழுக்கிவிட்டது. அடுத்தது வரும் இடத்தைக் கணித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கம் வட்டம் பொசுங்கிவிடாமல் வெளிச்சத்துக்கு அளந்து, மறுபக்கம் கறுப்பைக் கறுப்பாகவே விட்டுவிட்டேன்.

இந்த ஆலைகளை மூடியது பஞ்சமோ பூகம்பமோ அல்ல. ஃபிரிட்ஸ் ஹேபர் 1909இல் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்து காட்டினார். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் அது தொழிற்சாலையாக ஓடத் தொடங்கியது. உலகப் போரில் வெடிமருந்துக்காகச் சிலி உப்புக்குக் கிராக்கி ஏறியது, போர் முடிந்ததும் விழுந்தது, 1929க்குப் பிறகு எழவேயில்லை. நம் ஊர் வயலோரத்தில் அடுக்கியிருக்கும் யூரியா மூட்டை அந்த ஹேபர் முறையின் பேரப்பிள்ளை. அதனால்தான் நமக்குச் சோறு, இவர்களுக்குப் புழுதி.

பம்பா கல்லறை

நவம்பர் முதல் தேதி அனைத்துப் புனிதர் திருநாள். நெடுஞ்சாலையிலிருந்து விலகி, தடம் மட்டுமே உள்ள வழியில் கார்கள் வரிசையாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். ஆலை போய், வீடு போய், பெயர்ப்பலகையும் போய்விட்ட இடங்களில் கல்லறைகள் மட்டும் இருக்கின்றன. வருடத்தில் ஒருநாள் அங்கே கூட்டம். பாட்டி அழைத்ததால் நானும் போனேன். அவருடைய தம்பி, ஒரு வயது நிரம்பாதவன், அங்கே இருக்கிறான்.

சிலுவைகள் மரத்தாலானவை. வெயிலில் வெளுத்து வெள்ளி நிறமாகியும் உளுத்துப்போகவில்லை, ஈரம் இருந்தால்தானே உளுக்க. குழந்தைகளின் குழிகளைச் சுற்றித் தொட்டில் கம்பிபோல் மரச்சட்டம் அடித்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவை நிறைய. மேலே மலர்வளையங்கள், ஒரு பூவும் நிஜமல்ல. தகரத்தை வெட்டிய இதழ், கம்பித் தண்டு, ஒருகாலத்தில் நீலமும் சிவப்பும் பூசிய பெயின்ட். ஓர் இதழைக் குனிந்து பார்த்தேன். உட்புறத்தில் டப்பாவின் அச்செழுத்து பாதி தெரிந்தது. பூ வாங்க இடமில்லாத ஊரில் சாப்பிட்டு முடித்த டப்பாவைக் கழுவி, கத்தரித்து, மடக்கிச் செய்திருக்கிறார்கள். காற்றடிக்கும்போது இதழ்கள் ஒன்றோடொன்று தட்டி ஓசை எழும்புகிறது.

பாட்டியின் குடும்பம் புதுக் காகிதப் பூக்களைக் கட்டியது. சட்டத்துக்கு நீல வண்ணம் அடித்தார்கள். கோழியும் மக்காச்சோளமும் பூசணியும் போட்ட கசுவேலா சூப் பெரிய பாத்திரத்தில் வந்திருந்தது, காரின் பின்கதவைத் திறந்து வைத்தே பரிமாறினார்கள். என்னிடம் படம் கேட்டார்கள், எல்லாரும் சேர்ந்து, சிலுவை நடுவில். நேரம் மதியம் ஒன்று. தொப்பி நிழலில் ஒருவர் கண்ணும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற வெள்ளை வேனை நாலடி தள்ளி நிறுத்தச் சொன்னேன். அதன் பக்கவாட்டில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் முகங்களைத் தூக்கிக் கொடுத்தது. எல்லாரும் சிரித்தார்கள். கல்லறையில் சிரிக்கலாமா என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மரியா எலேனா

தெற்கே நெடுஞ்சாலையில் தமருகோ மரக்காடு ஒன்று வருகிறது. ஆலைகளின் விறகுக்காக வெட்டித் தீர்த்த மரத்தைப் பின்னாளில் அரசு திரும்ப நட்டது. அருகே பின்தாதோஸ் மலைச்சரிவில் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே வரைந்த நூற்றுக்கணக்கான உருவங்கள்: லாமாக்கள், மனிதர்கள், படிக்கட்டு வடிவங்கள். அதன்பின் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, லாரிகளைத் தவிர.

மரியா எலேனா 1926இல் எழுந்த வெடியுப்பு ஊர். இன்னும் மூடாதது. தெருவில் பள்ளிச் சீருடை, துணிக்கொடி, நாய்கள். தெருக்களைப் பிரிட்டிஷ் கொடியின் கோடுகள்போல் போட்டிருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார் சாப்பாட்டுக் கடைக்காரர். அவர் பிறந்தது பக்கத்து ஊரான பெத்ரோ தெ வால்டிவியாவில். அது 1996இல் காலியாகிவிட்டது. "நீங்க படமெடுக்க அங்கதான் போவீங்க. இங்க எடுக்க என்ன இருக்குன்னு நினைப்பீங்க" என்றார், தட்டை வைத்துக்கொண்டே. வெடியுப்பு எடுக்கும் அதே கம்பெனி இப்போது அட்டகாமா உப்புப் படுகையில் லித்தியமும் எடுக்கிறது. என் கேமரா பேட்டரியில் இருப்பதும் லித்தியம்தான். அந்த மதியம் அவரையும் அவர் கடையையும் நாய்களையும் எடுத்தேன். பெத்ரோ தெ வால்டிவியாவுக்குப் போகவில்லை.

சாகாபுகோ

அன்டோஃபகாஸ்டாவுக்கு நூறு கிலோமீட்டர் முன்னால், சாலையோரத்தில் மண்சுவர் வரிசைகள். 1924இல் பெரிய முதலீட்டில் திறந்த சாகாபுகோ, 1938இல் மூடிவிட்டது. பதினான்கு வருட ஆயுள். அதிபர் ஆயெந்தே ஆட்சியில், 1971இல், தேசியச் சின்னமாக அறிவித்தார்கள். 1973 செப்டம்பரில் ஆயெந்தேயைக் கவிழ்த்த ராணுவம், இரண்டு மாதத்துக்குள் இதே வீடுகளைச் சிறைமுகாம் ஆக்கியது. ஆயத்த வரிசை வீடுகள், சுற்றிலும் பாலைவனம்; கம்பிவேலியும் காவல் கோபுரமும் கண்ணிவெடியும் சேர்த்தால் போதுமாக இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள், விசாரணை ஏதும் இல்லாமல். மருத்துவர்கள், ஆசிரியர்கள், தொழிற்சங்கத்தினர், பாடகர் ஆங்கெல் பர்ரா. பர்ரா இங்கே கைதிகளைச் சேர்த்துப் பாட்டுக் குழு நடத்தினார். சில கைதிகள் இரவில் வானியல் வகுப்பு வைத்தார்கள். நட்சத்திரங்களைப் பார்த்து வழிகண்டு தப்பித்துவிடுவார்கள் என்று ராணுவம் அதைத் தடைசெய்தது. பத்ரிசியோ குஸ்மானின் 2010ஆம் வருடத்து ஆவணப்படத்தில் அந்தக் கைதிகளில் ஒருவரே இதைச் சொல்கிறார். பின்னாளில் முன்னாள் கைதி ஒருவர் இங்கேயே திரும்பி வந்து, காவலாளாகப் பல வருடம் இருந்திருக்கிறார்.

இப்போதைய காவலாளி வாசலில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வெளிச்சம் பிரமாதமாக இருக்கும், எல்லாரும் அதற்குத்தான் காத்திருப்பார்கள், மண்சுவரெல்லாம் தங்கமாகிவிடும் என்று நல்லெண்ணத்தோடு சொன்னார். உண்மைதான். தாழ்ந்த வெயிலில் எந்தச் செங்கலும் கோயிலாகத் தெரியும்.

நான் பன்னிரண்டு மணிக்கே உள்ளே போனேன். கூரையில்லாத அறைகளுக்குள் வெயில் நேராகக் கொட்டியது, நிழல் என் செருப்புக்குள் ஒடுங்கியது. பெயர்ந்த சுண்ணாம்புச் சுவரில் கைதிகள் கீறிய பெயர்கள். உச்சி வெயில் சுவரை உரசியபடி மேலிருந்து கீழே இறங்குவதால், கீறலின் ஒவ்வொரு பள்ளத்திலும் கறுப்பு நின்றது. மாலையில் நேர்முகமாகப் படும் பொன்வெயிலில் இவை மறைந்துவிடும். ஒவ்வொரு சுவராக, ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில், ஒரே எக்ஸ்போஷரில் எடுத்தேன். அழகாக ஒன்றும் இல்லை. எழுத்து படிக்க முடிகிறது. இரண்டு மணிக்கு வெளியே வந்தபோது, இன்னும் மூன்று மணி நேரம் இருந்தால் நல்ல படம் கிடைக்குமே என்றார் காவலாளி. கேமராவின் திரையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பெரிதாக்கச் சொல்லி வாசித்தார். நாலைந்தை அவர் முன்பே அறிந்திருந்தார். ஒன்றுக்கு மட்டும், இது எந்த வரிசை, எத்தனையாவது வீடு என்று கேட்டு ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார்.